பக்கத்துக் கட்டத்துக்கு மூன்று தாவல்

ஐந்தாம் ஆட்டத்தில் ஐகெரிம் தன் குதிரையைத் தூக்கிப் பின்னால் வைத்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அவளுக்குக் கை தவறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மேக்டலின் அப்படி நினைக்கவில்லை.

உலக சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி அது. சென்னையில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தூத்துக்குடிக்காரி மேக்டலின், மறுபக்கம் கஜகஸ்தானிலிருந்து வந்த ஐகெரிம். நான்கு ஆட்டங்கள் முடிந்து இருவரும் சமமாக நின்றார்கள். ஐந்தாவதில் மேக்டலினுக்கு வெள்ளைக் காய்கள்.

சிசிலியன் என்கிற தொடக்க ஆட்டமுறையில் மிகக் கூர்மையான கிளை ஒன்றில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கத்தியை உருவிக்கொண்டு நிற்கிற நிலை. ஒரே ஒரு நகர்த்தல் வீணாய்ப் போனாலும் ராஜாவைக் காப்பாற்ற முடியாது. அங்கே வந்துவிட்டால் யாரும் முன்னால் போகத்தான் பார்ப்பார்கள். ஐகெரிமோ, களத்தில் நன்றாக நின்றுகொண்டிருந்த கருப்புக் குதிரையைத் திருப்பி, ஆட்டம் தொடங்கும்போது அது நின்ற கட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

அடுத்து அது எங்கே போகும் என்று மேக்டலினுக்குத் தெரியும். அங்கிருந்து ராஜாவுக்கு முன்னால் உள்ள கட்டம். அங்கிருந்து மறுபடி வெளியே. கடைசியில் அது வந்து நிற்பது, முதலில் நின்ற இடத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில். யானையோ ராணியோ ஓர் எட்டில் போய்விடும் தூரம். குதிரைக்கு மூன்று தாவல் வேண்டும். ஆனால் அங்கே போய் நின்றுவிட்டால் வெள்ளையின் தாக்குதல் மொத்தமும் மூச்சுவாங்கிப் போகும்.

உலகத்தில் இதுவரை யாரும் ஆடாத வழி. குன்னூரில் வாடகைக்கு எடுத்த வீட்டில், மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் பிறந்தது அது. விளையாட்டாகக் குதிரையைத் திருப்பி வைத்தவள் மேக்டலின்தான். வைத்துவிட்டுச் சிரித்தாள். கூட இருந்த பயிற்சித் துணைவன் தளவாய் சிரிக்கவில்லை. அவன் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, வாரக்கணக்கில் தோண்டி, ஆடக்கூடியதுதான் என்று நிரூபித்தான். வெளித்தொடர்பே இல்லாத கணினியில்தான் ஆராய்ந்தார்கள். எட்டாம் ஆட்டத்தில், தன் கையில் கருப்புக் காய்கள் இருக்கும்போது எடுத்து வீசலாம் என்று அவள் ஒளித்து வைத்திருந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் தளவாயும்.

அந்தக் குதிரைக்கு மாற்று ஒன்று உண்டு. வெள்ளை தன் ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டால், குதிரை போய் நிற்க நினைக்கும் இடம் பறிபோய்விடும். அதையும் தளவாய்தான் கண்டுபிடித்தான். மேக்டலினின் கை அந்தச் சிப்பாயை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. குதிரையைக் கொடுத்தவன் மாற்றையும் கொடுத்திருப்பானே? மாற்றுக்கு மாற்றும் இவள் கையில் இருக்குமே? கையை இழுத்துக்கொண்டாள். நெடுநேரம் யோசித்து, தன் குதிரையை நடுக்களத்தில் பலிகொடுத்துத் தாக்கினாள். துணிச்சலான நகர்த்தல் என்று வர்ணனையாளர்கள் பாராட்டிக்கொண்டிருந்தபோதே ஆட்டம் அவள் கையைவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் அறைக்கு வந்த தளவாய் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஏன் சிப்பாயத் தள்ளல?" என்று மட்டும் கேட்டான்.

மற்ற நாளாக இருந்தால் அது வெறும் கேள்வி. அன்றைக்கு அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிப்பாயைத் தள்ளாமல் போனதில் இவனுக்கு என்ன வருத்தம்? அங்கே ஏதும் பொறி வைத்திருந்தார்களோ? தலை வலிக்கிறது என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தாள்.

தளவாய் கோவில்பட்டிக்காரன். அவளைவிட மூன்று வயது பெரியவன். மாவட்டப் போட்டிகளுக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்த காலத்திலிருந்து பழக்கம். அவளிடம் இருந்த ஆட்டவேகம் அவனிடம் இல்லை, அவனிடம் இருந்த பொறுமை அவளிடம் இல்லை என்பது இருவருக்கும் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. அதனால் அவள் ஆடினாள், அவன் தயார்செய்தான். அவள் வென்ற பதக்கங்களில் பாதி அவனுடையது என்று பேட்டிகளில் அவளே சொல்லியிருக்கிறாள்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சில மாதங்களாக அவனுக்கு அடிக்கடி போன் வருகிறது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறான். ஒருதடவை மேசையில் கிடந்த போனில் வெளிநாட்டு எண் ஒன்று மின்னியதைப் பார்த்தாள். யாரென்று கேட்டதற்கு, தவறான அழைப்பு என்றான். குன்னூரிலிருந்து நடுவில் ஒருநாள் சொல்லாமல் சென்னைக்குப் போய் வந்தான். பல்வலி என்றான். எந்தப் பல் என்று அவள் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

அவளுக்கு ஆதரவு கொடுக்கும் நிறுவனத்தின் மேலாளர் ரகோத்தமனிடம் மறுநாள் காலையில் பேசினாள். அவர் ஆச்சரியப்படவில்லை. பதற்றமே இல்லாமல், ஒரு நிழல் போட்டுப் பார்த்துவிடலாமே என்றார்.

நிழல் என்றால் என்னவென்று அப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மனிதர் பேசியது, எழுதியது, சிரித்தது, தயங்கியது எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் போட்டால், அவரைப் போலவே யோசிக்கிற ஒன்று உள்ளே எழுந்து நிற்கும். கேட்டதற்கெல்லாம் அவர் குரலிலேயே பதில் சொல்லும். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் நிழல் கேட்டார்கள். ஜாதகம் பார்த்தபிறகு மாப்பிள்ளையின் நிழலையும் அனுப்பிவையுங்கள் என்று பெண்வீட்டார் கேட்டார்கள். நிழல் சரியில்லை என்று நின்றுபோன கல்யாணம் தெருவுக்கு ஒன்று இருந்தது. சம்மதமில்லாமல் இன்னொருவர் நிழலைப் போடுவது குற்றம் என்று சட்டமும் இருந்தது. யாரும் மாட்டியதாகத்தான் தெரியவில்லை.

"அவர் மனசுல என்ன இருக்குன்னு அது சொல்லாது மேடம்," என்றார் ரகோத்தமன். "இன்ன நிலைமையில இன்னது செய்வார்னு சொல்லும். பெரும்பாலும் தப்பாது. அவர் பேசினது எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லது."

"அவனுக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சுபோனா அப்புறம் அது எதுக்கு?"

அவளிடம் நிறைய இருந்தது. தளவாய் எழுத்தில் எதையும் அனுப்பமாட்டான். நடந்துகொண்டோ பஸ்ஸில் போய்க்கொண்டோ யோசித்ததை அப்படியே பேசிப் பதிவுசெய்து அனுப்புவான். டீக்கடைச் சத்தம், கண்டக்டர் விசில், அவன் இருமல் எல்லாம் சேர்ந்து வரும். பத்து வருஷத்துக்கும் மேலான குரல். அவள் எதையும் அழித்ததில்லை. மொத்தத்தையும் ரகோத்தமனுக்கு அனுப்பினாள். அனுப்பும்போது விரல் தயங்கியது என்றுதான் பின்னால் நினைத்துக்கொண்டாள். தயங்கியதா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

அடுத்த நாள் மதியம் ரகோத்தமன் வந்தார். கதவைச் சாத்தினார்.

"ரெண்டு கேள்வி கேட்டோம். குதிரை விஷயத்தை வெளிய கொடுப்பாரான்னு கேட்டதுக்கு, மாட்டார்னு சொல்லுது. உங்ககிட்ட எதையாவது மறைக்கிறாரான்னு கேட்டதுக்கு, மறைக்கிறார்னு சொல்லுது."

"எதை?"

"அது தெரியலை மேடம். சமீபத்துக் குரல்ல எல்லாம் ஏதோ ஒண்ணு பக்கத்துல வந்ததும் பேச்சை மாத்திடறாராம். அவ்வளவுதான் சொல்ல முடியுது."

முதல் பதில் அவள் காதில் விழுந்தது. விழுந்தும் எப்படி அது விழாததுபோல் ஆனது என்று பிறகு அவள் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு இரண்டாவது பதில் மட்டும் போதுமானதாக இருந்தது.

தளவாய் மாடி உணவகத்தில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட எதையாச்சும் மறைக்கியா தளவாய்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போட்டி முடியட்டும் மேக்டா. சொல்லுதேன்."

"இப்பச் சொல்லு."

"இப்பச் சொன்னா உன் கவனம் போயிரும்."

"குதிரைய அவங்களுக்குக் குடுத்தது நீதானா?"

அவன் கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். தப்புச் செய்யாதவன் கோபப்படத்தானே செய்வான்? அவன் கோபப்படவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்தான். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆனது.

"இதக் கேக்கணும்னு உனக்கு எப்பத் தோணுச்சு?"

"அவ குதிரையத் திருப்புன அந்த நிமிஷமே."

"அப்ப நான் என்ன சொன்னாலும் ஒண்ணுதான்," என்றான் அவன். எழுந்து போய்விட்டான். அன்று மாலை ரயிலிலேயே ஊருக்குக் கிளம்பினான். நிலையத்துக்கு யாரும் போகவில்லை.

ரகசியம் வெளியானதால் பயிற்சித் துணைவர் நீக்கம் என்று மறுநாளே செய்தி வந்தது. யார் சொன்னது என்று தெரியவில்லை. மேக்டலின் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. செய்தியாளர்கள் கேட்டபோது, ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றாள். அது போதும் அவர்களுக்கு. தளவாயின் படத்தைப் போட்டு, தகவல் விற்றவன் என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

அதன்பிறகு அவள் ஆடிய ஆட்டம் அவளுடையதாகவே இல்லை. தயார்செய்து வைத்திருந்த எந்த வழியையும் தொடப் பயமாக இருந்தது. அவன் அறிந்த வழிகள் எல்லாமே விற்கப்பட்டவை என்று விலக்கிக்கொண்டே வந்தால், மிச்சம் இருந்தவை அவள் பழகாத, சப்பையான வழிகள். எட்டாம் ஆட்டத்தில் மறுபடி தோற்றாள். மற்றவை சமன். பட்டம் ஐகெரிமுக்குப் போனது.

நிறைவு விருந்தில் ஐகெரிம் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். இருந்தாலும் அவள் சொன்னது ஒரு வார்த்தைகூடத் தவறாமல் மேக்டலினுக்குப் புரிந்தது.

"அந்தக் குதிரை உங்களுடையது. எனக்குத் தெரியும்."

"யார் கொடுத்தார்கள்?"

"யாரும் கொடுக்கவில்லை. நீங்கள்தான் கொடுத்தீர்கள்." ஐகெரிம் தட்டைக் கீழே வைத்தாள். "உங்கள் ஆட்டங்கள், உங்கள் பேட்டிகள், யோசிக்கும்போது உங்கள் முகம், எல்லாம் வெளியில் கிடக்கிறது. எங்கள் ஆட்கள் உங்கள் நிழலைப் போட்டு ரொம்ப நாளாக வைத்திருக்கிறார்கள். இந்தக் கிளையில் இவள் புதிதாக என்ன கண்டுபிடிப்பாள் என்று அதனிடம் கேட்டார்கள். குதிரையை வீட்டுக்குத் திருப்புவாள் என்றது."

மேக்டலின், ஓரச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

"நான் தோற்றிருப்பேன். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நீங்கள் தள்ளமாட்டீர்கள் என்று சொன்னார்கள். தள்ளினாலும் பரவாயில்லை, ஓர் ஆட்டம்தானே போகும் என்றார்கள். அந்த நகர்த்தல் பலகைக்காக ஆடியது இல்லை. அறைக்குத் திரும்பிய பிறகு நீங்கள் செய்யப்போவதற்காக ஆடியது."

"நான் என்ன செய்வேன் என்றது?"

ஐகெரிம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரை அனுப்பிவிடுவீர்கள் என்றது."

பட்டம் என் அலமாரியில் இருக்கும், ஆனால் ஆடியது யார் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் சொல்ல வந்தேன் என்று ஐகெரிம் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. இதுவும் ஒரு நகர்த்தலாக இருக்குமோ, இதையும் யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்களோ என்று மேக்டலினுக்கு ஒரு கணம் ஓடியது. அப்படி ஓடிய தன் புத்தியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கோவில்பட்டிக்குப் போனாள். தளவாயின் மனைவி செண்பகம்தான் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொன்னாள், வழியும் விட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கூடத்தில் பெரிய பெட்டி ஒன்று பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது.

செண்பகம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவள் நர்ஸ். கனடாவில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே ஒரு சதுரங்கப் பள்ளியில் தளவாய்க்கும் பயிற்சியாளர் வேலை பேசி முடித்திருந்தார்கள். பால்கனிப் போன்கள் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவை. பல்வலி என்று சொல்லிச் சென்னைக்குப் போனது விசாவுக்காக. இதுதான் உங்களோடு கடைசிப் போட்டி என்று முன்கூட்டிச் சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று அவர்தான் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றார். செய்தி பார்த்ததும் அந்தப் பள்ளிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே அவரிடம் படிக்க வந்த பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்கு நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய்விட்டாள்.

மேக்டலின், ஐகெரிம் சொன்னதை எல்லாம் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த தளவாயிடம் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். எதிராளியின் தந்திரம் அவனுக்குப் பிடித்துக்கூட இருந்தது போலத் தெரிந்தது. ஒருதடவை தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு அவள், தானும் ஒரு நிழல் போட்டதைச் சொன்னாள். சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். வரும்போது வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள்.

"என் குரல வெச்சா?" என்றான் தளவாய்.

"ஆமா."

"பஸ்ல போறப்ப அனுப்புனது, எங்கய்யா ஆஸ்பத்திரில கிடந்தப்ப வராண்டால நின்னு அனுப்புனது, எல்லாமா?"

"எல்லாம்."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். தெருவில் தண்ணீர் லாரி வந்திருந்தது. குடங்களின் சத்தம் அடங்கும்வரை அவன் திரும்பவில்லை. அவள் மன்னித்துவிடு என்றாள். எந்தச் சமாதானமும் சேர்த்துச் சொல்லவில்லை.

"மன்னிப்பனான்னு எனக்கே தெரியல மேக்டா," என்றான் அவன். குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. களைத்துப்போன குரலாக இருந்தது. "உங்க ஆளுககிட்டதான் நான் ஒருத்தன் இருக்கேனே. அவன்கிட்டக் கேட்டுப் பாரு. என்ன சொல்லுதான்னு எனக்கும் சொல்லு."

ஊருக்குத் திரும்பும் முன்பே ரகோத்தமனைப் போனில் கூப்பிட்டாள். அந்த நிழல் பிரமாதமாக வேலை செய்கிறது என்றார் அவர். அடுத்த போட்டிக்கு அதையே பயிற்சித் துணையாக வைத்துக்கொள்ளலாம், இப்போதே புதுப் புது வழிகள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது, மனுஷனைவிட வசதி, பால்கனிக்கெல்லாம் போகாது என்று சொல்லிச் சிரித்தார். அழித்துவிடுங்கள் என்றாள். அது நிறுவனத்தின் சொத்து என்றார். சம்மதமில்லாமல் நிழல் போட்டேன் என்று நானே போலீஸில் போய்ச் சொல்லுவேன், அப்புறம் உங்கள் பெயரையும் கேட்பார்கள் என்றாள். கடைசியில் அவர் சரி என்றார். தளவாய் தகவல் கொடுக்கவில்லை என்றும், தான் சந்தேகப்பட்டது தவறு என்றும் அன்றே எல்லாப் பத்திரிகைகளுக்கும் சொன்னாள். அவனை நீக்கிய செய்தியைப் பெரிதாகப் போட்டவர்கள், இதை உள்பக்கத்தில் நாலு வரியில் போட்டார்கள்.

அழிக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அன்வர் என்ற பொறியாளர் அவளை உட்காரவைத்தார். திரையில் தளவாயின் பெயரும் கீழே ஒரு சின்னப் பச்சைப் புள்ளியும் மட்டும் இருந்தன. அந்தப் புள்ளி மூச்சுவிடுவது போல மங்கி மங்கி ஒளிர்ந்தது.

"அழிச்சிட்டா திரும்பக் கொண்டுவர முடியாது மேடம். கடைசியா ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. ஒலிவாங்கி ஓடிட்டுதான் இருக்கு," என்றார் அன்வர்.

கேள்வி அவள் நாக்கில்தான் இருந்தது. தளவாயே கேட்கச் சொன்ன கேள்வி, மன்னிப்பானா என்று. ஒரே வாக்கியம். பதிலும் ஒரே வார்த்தையில் வந்துவிடும், அவன் குரலிலேயே. அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம். அழிச்சிருங்க."

அன்வர் அழித்தார். பச்சைப் புள்ளி போனது. அவர் ஏதோ சொல்ல வந்து தயங்கினார்.

"சொல்லக்கூடாதுதான். காலையில ரகோத்தமன் சார் வந்து, நீங்க வந்தா என்ன கேப்பீங்கன்னு அதுகிட்டயே கேக்கச் சொன்னார். உங்களைச் சமாதானப்படுத்த உதவும்னு. அது, 'மேக்டா ஒண்ணும் கேக்க மாட்டா, அழிச்சிட்டுப் போயிருவா'ன்னுச்சு."

மேக்டலின் திரையைப் பார்த்தாள். பிறகு, முழுவதும் அழிந்துவிட்டதா என்று கேட்டாள்.

"அழிஞ்சிருச்சு மேடம்."

திரை காலியாக இருந்தது. காலியான திரையை வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னொரு பிரதி இதே கட்டடத்தில் வேறு மாடியில் இருக்கலாம். ரகோத்தமன் இந்நேரம் அதனோடு பேசிக்கொண்டிருக்கலாம். இப்போது கேட்ட அந்த வாக்கியம்கூட, அவளைக் குளிர்வித்து அனுப்பிவைக்க யாரோ சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம். சரிபார்க்க அவளிடம் ஒரு வழியும் இல்லை. அவள் அன்வரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தூக்கம் போதாத, சவரம் செய்யாத, சாதாரண முகம்.

"நம்புறேன்," என்றாள்.

எதற்கு அதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. சரிங்க மேடம் என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.